ஆய்வேட்டோடு இரண்டு இறுவட்டு ஒப்படைக்க நான் பட்ட பாடு

ஆய்வேட்டை ஒப்படைத்த பற்றுச்சீட்டு கைக்கு வந்து மூன்று நாளாகிறது. ஆய்வேட்டின் என் பிரதிக்குள் அதை வைத்திருக்கிறேன். நாளுக்கு இரண்டு தடவையாவது எடுத்துப் பார்க்கிறேன். முதுதத்துவமாணி (எம்ஃபில்) ஆய்வேட்டை எழுதி முடிக்க நாலரை வருடம் போனது. அவ்வளவு காலத்திலும் அழாத அழுகையை, அதனோடு கொடுக்க வேண்டிய இரண்டு இறுவட்டுகளுக்காக, அதாவது இரண்டு டிவிடிக்காக, இந்த மூன்று கிழமையில் அழுது தீர்த்துவிட்டேன். எனக்குப் பிறகு ஆய்வேடு ஒப்படைக்கிற அந்தக் கருமபீடத்துக்குப் போகிற யாரும் நான்கு தடவை அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விதியில் ஒரே ஒரு வரி: கட்டிய பிரதிகளுடன், ஆய்வேட்டின் மென்பிரதியும் மூல ஒலிப்பதிவுகளும் அடங்கிய இறுவட்டு இரண்டு. பென் டிரைவ் எடுக்க மாட்டார்கள். இணைய இணைப்பும் எடுக்க மாட்டார்கள். கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன்.

என் ஆய்வு மலையகத் தோட்டங்களின் ஒப்பாரி பற்றியது. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்து லயன்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்து பதிவு செய்த 41 கோப்புகள், ஏறத்தாழ ஆறரை மணி நேரம். பாடிக் கொடுத்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை. 39, 40, 41 ஆகிய மூன்றும் அவர்களில் மூத்தவரான ஒரு பாட்டியின் குரல். இந்த மூன்று இலக்கங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சறுக்கல் அளவில். ஒலிப்பதிவு, படங்கள், பிடிஎஃப் எல்லாம் சேர்த்து விண்டோஸ் 4.52 ஜிபி என்று காட்டியது. டிவிடியின் உறையில் 4.7 என்று இருக்கிறதே, தாராளமாக அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. உறையில் இருப்பது ஆயிரம் ஆயிரமாக எண்ணிய கணக்கு, விண்டோஸ் எண்ணுவது 1024 ஆக. அந்தக் கணக்கில் டிவிடியில் இருக்கும் இடம் 4.38 ஜிபி மட்டும்தான். படங்களைச் சுருக்கி 4.3க்குக் கொண்டுவந்தேன். அதாவது வட்டின் வெளி விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். அது எப்படித் திருப்பி அடித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இரட்டை அடுக்கு வட்டு என்றால் 8.5 கொள்ளும் என்று தோழி சொன்னாள். ஆனால் பழைய டிரைவ்கள் அதை வாசிக்க இன்னும் கூடத் தடுமாறும் என்று விட்டுவிட்டேன்.

என் மடிக்கணினியில் டிஸ்க் டிரைவ் கிடையாது. கொழும்பு பம்பலப்பிட்டியில் யூஎஸ்பியில் செருகுகிற மெல்லிய டிவிடி ரைட்டர் ஒன்று வாங்கினேன். அதே கடையில் ஐம்பது வட்டு அடுக்கிய ஒரு கோபுரம், ஒரே தடவை எழுதக்கூடிய டிவிடி பிளஸ் ஆர் வகை, 16 மடங்கு வேகம் என்று போட்டது. ஐம்பது எதற்கு என்று அம்மா கேட்டார். இப்போது அதில் மீதி இருப்பது 31.

அன்றிரவே இரண்டு எழுதினேன். வெற்று வட்டைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழி காட்டும்: யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி, டிவிடி பிளேயருக்கு ஏற்றமாதிரியா என்று. முதலாவது சுலபமாகத் தெரிந்தது. இழுத்துப் போட்டேன், கோப்புகள் போயின, என் கணினியில் திறந்தன. மறுநாள் காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் போனேன். கருமபீடத்தில் இருந்த மிஸ் வட்டைத் தன் கணினியில் போட்டார், ஒரு நிமிடம் பார்த்தார், வெளியே எடுத்தார். "இதில ஒன்றுமில்லை. வெறும் டிஸ்க்."

"மிஸ், நேற்று என் கணினியில திறந்தது."

"இங்க திறக்க வேணும்."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டாவது வட்டைப் போட்டுப் பார்க்கக்கூட அவருக்கு மனமில்லை. எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள்.

ஃபிளாஷ் டிரைவ் போல எழுதினால் வட்டு மூடப்படாமல், மேலும் எழுதக்கூடியபடி திறந்தே இருக்கும், பழைய கணினிகளுக்கு அது வெறுமையாகவே தெரியலாம். ஒப்படைக்கிற வட்டு என்றால் இரண்டாவது வழிதான் சரி: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி, முடிவில் வட்டை மூடிவிட வேண்டும். நான் அதோடு நிற்காமல் இம்க்பேர்ன் என்ற, வட்டு எழுதுகிற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டேன். 2013க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை, ஆனாலும் இந்த வேலைக்கு எனக்கு அதுதான் கைகொடுத்தது. காரணம் ஒரே ஒரு சின்னப் பெட்டி: வெரிஃபை. எழுதி முடிந்ததும் முழு வட்டையும் திரும்ப வாசித்து மூலக் கோப்போடு ஒப்பிடும். அந்தப் பெட்டியில் சரி போடாமல் எவரும் எழுதவேண்டாம்.

அதன் பிறகுதான் உண்மையான நோய் வெளியே வந்தது. முதல் வட்டு தொடக்கத்திலேயே "பவர் கலிபிரேஷன் ஏரியா எரர்" என்று நின்றது. எழுதத் தொடங்கும் முன் டிரைவ் வட்டின் உட்பக்கத்தில் சிறிது எழுதிப் பார்த்து, லேசருக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று அளந்துகொள்ளும். அந்த அளவே கைகூடவில்லை என்பதுதான் இந்தப் பிழை. நான் டிரைவை மௌஸ், கீபோர்ட் எல்லாம் தொங்குகிற ஒரு ஹப்பில் செருகியிருந்தேன். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தருகிற மின்னோட்டம் 500 மில்லி அம்பியர், 3.0 என்றால் 900. எழுதும்போது இந்த மெல்லிய டிரைவ்கள் 500ஐத் தாண்டிக் கேட்கும். ஹப்பைக் கழற்றி நேரே கணினியின் நீலத் துளையில், அதாவது 3.0இல், செருகியதும் அந்தப் பிழை போனது, திரும்ப வரவில்லை. இரண்டு தலை உள்ள வயர் டிரைவோடு வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள், ஒன்றைத் தொங்க விடாதீர்கள்.

போனது ஒரு பிழை, வந்தது இன்னொன்று. வட்டு நூறு சதவீதம் எழுதி முடியும். வெரிஃபை எண்பத்தைந்து, தொண்ணூறு வரை ஓடும், பிறகு டிரைவின் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் வாசிக்க முடியாத பிழை. எட்டு மடங்கில் எழுதினேன், ஆறில் எழுதினேன், நாலில் எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வட்டு குப்பைக்குப் போனது. கடைசியில் ஒரு வட்டு எப்படியோ வெரிஃபையில் தேறியது. அதே வேகத்தில் இன்னொன்றும் தேறியது. சந்தோஷத்தில் வேறு கணினியில் போட்டுப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போனேன். இந்த மூன்று கிழமையில் நான் செய்த பெரிய பிழை அதுதான்.

இந்தத் தடவை கோப்புறைகள் தெரிந்தன. பிடிஎஃப் திறந்தது. மிஸ் எல்லாவற்றையும் தன் கணினிக்குப் பிரதி எடுக்கத் தொடங்கினார். பச்சைக் கோடு ஓடிக்கொண்டே போய் 39ஆம் கோப்பில் நின்றது. பாட்டியின் குரலில். அந்தக் கணினியின் டிரைவ் எத்தனை வருடப் பழையதோ, தட்டு வெளியே வரவே இரண்டு தடவை அமத்தவேண்டியிருந்தது. "இதுவும் பழுது. சரியான டிஸ்க்கோட வாங்க" என்று நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் வெளியே வந்து படியில் இருந்தேன். 41 கோப்பில் 38 ஓடியிருக்கிறது. ஓடாத மூன்றும் எவருடையவை என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

அது தற்செயல் இல்லை என்று இப்போது தெரியும். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, கடைசிக் கோப்புகள் வெளி விளிம்பில்தான் போய் உட்காரும். வட்டின் சுழற்சி ஒன்றாக இருந்தாலும் வெளியே போகப் போக லேசருக்குக் கீழே தடம் வேகமாக ஓடும், ஆகவே டிரைவ் அங்கேதான் மிக வேகமாக எழுதுகிறது. தரக்குறைவு இருந்தால் முதலில் தெரிவதும் அங்கேதான். நானோ விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தேன்.

வேறு வட்டு வாங்கப் புறக்கோட்டைக்குப் போன அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கலண்டரைப் பார்க்காமல் பஸ் ஏறியது என் தவறு. தேடிப்போன கடைகள் எல்லாம் பூட்டு.

மறுநாள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் கணினி திருத்துகிற ஒருவரிடம் டிரைவையும் வட்டுக் கோபுரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அறுபது வயது இருக்கும். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என் வட்டு ஒன்றைத் தன் மேசைக் கணினியில் போட்டு, இம்க்பேர்னின் வலப்பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார். "பிள்ளை, உறையில இருக்கிற பேரைப் பாக்காதேங்கோ. உள்ளுக்கு என்ன பேர் கிடக்கெண்டு பாருங்கோ."

ஒவ்வொரு பதிவு வட்டிலும் அதைச் செய்த ஆலையின் குறியீடு உள்ளேயே பதிந்திருக்கும். உறையில் ஒரு பெயர், குறியீட்டில் வேறு பெயர் என்பது சர்வசாதாரணம். தாய்வானில் உள்ள ரைடெக், சிஎம்சி போன்ற ஆலைகள் பல பெயர்களுக்கு வட்டு செய்து கொடுப்பவை. டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கிற மென்பொருளான ஃபேம்வெயரில் ஒரு பட்டியல் இருக்கிறது: இந்தக் குறியீடு வந்தால் லேசரை இப்படித் துடிக்கவிடு, இந்த வேகத்துக்கு இவ்வளவு சக்தி என்று. வட்டு அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் டிரைவ் பொதுவான ஒரு முறையில் எழுதிவிடும். சில வேளை தேறும், சில வேளை தேறாது. வேகத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் நம்பியிருந்ததும் முழு உண்மை இல்லை. 16 மடங்குக்கென்று செய்த வட்டு மிகக் குறைந்த வேகத்தில் இன்னும் மோசமாக எழுதப்படலாம், நடு வேகங்களில்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்றார்.

அவர் அடுத்துச் செய்ததை நான் மறக்க மாட்டேன். என் கோபுரத்திலிருந்து ஒரு வட்டை எடுத்துத் தன் பெரிய டிரைவில் எட்டு மடங்கில் எழுதினார்: முழுதாகத் தேறியது. தன் அலுமாரியில் இருந்த டிவிடி மைனஸ் ஆர் என்ற இன்னொரு வகை வட்டை எடுத்து என் மெல்லிய டிரைவில் எழுதினார்: அதுவும் தேறியது. வட்டிலும் குறையில்லை, டிரைவிலும் குறையில்லை. இரண்டுக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். என் டிரைவுக்குப் புது ஃபேம்வெயர் உண்டா என்று தேடிப் பார்த்தார், இல்லை. "அங்கிள், அப்ப எதை வாங்க?" என்று கேட்டேன். கோபுரமாக வாங்காதே, முதலில் ஐந்து வாங்கு, குறியீட்டைப் பார், எழுதி வெரிஃபை பண்ணு, இன்னொரு டிரைவில் வாசி, பிறகு மிச்சத்தை வாங்கு என்றார். அவருடைய அலுமாரி வட்டிலேயே நான்கு கொடுத்தார். வட்டுக்கு மட்டும் காசு எடுத்தார், நேரத்துக்கு எடுக்கவில்லை.

அவருடைய டிரைவிலேயே எட்டு மடங்கில் மூன்று எழுதினோம். படங்களை இன்னும் சுருக்கி விளிம்பில் கொஞ்ச இடமும் விட்டோம். அதோடு கோப்புப் பெயர்களின் வரிசையை மாற்றினேன். பாட்டியின் மூன்றும் 1, 2, 3 ஆகி வட்டின் உட்பக்கத்துக்கு வந்துவிட்டன. பின்னிணைப்பில் இலக்கங்களையும் அதற்கேற்பத் திருத்தி அந்தப் பக்கங்களைத் திரும்ப அச்சடிக்க ஒரு நாள் போனது. போகட்டும். அப்புறம் எழுதிய வட்டுகளைத் தோழியின் அலுவலகக் கணினியிலும், பக்கத்து வீட்டுத் தம்பியின் பழைய கணினியிலும் முழுக்கப் பிரதி எடுத்துப் பார்த்தேன். நின்று திணறாமல் ஓடின. மேலே காகித லேபிள் ஒட்டவில்லை. ஒட்டினால் சுழலும்போது சமநிலை கெடும், ஈரப்பதத்தில் உரிந்தும் வரும். டிஸ்க்குக்கென்று விற்கிற மார்க்கர் பேனையால் பெயரும் பதிவிலக்கமும் எழுதினேன்.

மூன்றாம் தடவை போனபோது வட்டைக் கையில் வாங்கவே இல்லை. அச்சுப் பிரதியும் மென்பிரதியும் ஒன்றுதான் என்று மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட கடிதம் வேண்டுமாம். முதல் இரண்டு தடவையும் அதைச் சொல்லவில்லை. "வட்டு சரியெண்டாத்தானே கடிதம் கேக்கிறது" என்றார் மிஸ். தயவுசெய்து முதல் நாளே கேளுங்கள்: வட்டைத் தவிர வேறு என்ன என்ன தாள் வேண்டும் என்று, எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நான்காம் தடவை கடிதமும் கையுமாகப் போனேன். கோடு ஓடி முடிந்தது. இரண்டாவது வட்டும் முடிந்தது. "மிஸ், ஒன்றாம் கோப்பை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது, கேட்க வேண்டும்போல் இருந்தது. அவர் போட்டார். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் பாட்டி இறந்துபோன தன் மகனைக் கூப்பிட்டு அழத் தொடங்கினார். மிஸ்ஸுக்கு அந்த ஒப்பாரித் தமிழ் எவ்வளவு விளங்கியதோ, ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தாமல் இருந்தார். பிறகு முத்திரை குத்திப் பற்றுச்சீட்டை எழுதித் தந்தார்.

மூன்றாவது வட்டு என்னிடம் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் இரண்டிலும் மூலப் பதிவு இருக்கிறது. பாட்டியின் மகள் தலவாக்கலையில் இருக்கிறார். அவர் வீட்டில் கணினி இல்லை, பழைய சிடி பிளேயர் ஒன்று மட்டும் உண்டு. அது கோப்புகளை வாசிக்காது. அதனால் மூன்று பாடல்களையும் 80 நிமிட வெற்று சிடி ஒன்றில் ஓடியோ சிடியாக எழுதினேன். அந்த மெல்லிய டிரைவிலேயே, முதல் தடவையிலேயே தேறியது. வருகிற சனிக்கிழமை ரயிலில் கொண்டுபோகிறேன்.