பின்னால் நிற்பவரின் பெருமூச்சு

ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். முதுகுக்குச் சாய்வு வைத்த நல்ல சுழல் நாற்காலி. நம் ஊரில் ஜவுளிக்கடைப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்த்தார்கள், அவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு டோர்ட்முண்டுக்கு வந்த புதிதில் ரொம்பப் பிடித்துப்போன விஷயம் அந்த நாற்காலி. ஆனால் உட்கார்ந்திருக்கிறாரே, நிதானமாகப் போடுவார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த வேகத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். பெல்ட்டில் இருக்கிற பால், தக்காளி, டிடர்ஜென்ட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கேனரைத் தாண்டி அந்தப் பக்கம் வந்து குவியும், அந்தப் பக்கம் இருப்பதோ ஒரு முழ நீளத் தகடு. பை போட்டுத் தர ஆள் கிடையாது.

இந்த வேகம் யாரோ ஒரு ஊழியருக்கு நம்மேல் உள்ள எரிச்சல் இல்லை, கடையே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. டோர்ட்முண்டிலிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் எஸ்ஸனில்தான் ஆல்டி என்கிற மலிவு விலை சூப்பர் மார்க்கெட் பிறந்தது. கார்ல், தியோ என்று இரண்டு அல்பிரெக்ட் சகோதரர்கள், அம்மாவின் சின்னக் கடையைப் போருக்குப் பிறகு எடுத்து நடத்தி, கொஞ்சம் பொருள், குறைந்த விலை, குறைந்த ஆள் என்று வளர்த்தார்கள். (கல்லாவில் சிகரெட் விற்பதா வேண்டாமா என்கிற தகராறில்தான் 1960-களின் தொடக்கத்தில் வடக்கு ஆல்டி, தெற்கு ஆல்டி என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள்.) ஸ்கேனர் வருவதற்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர்கள் விலைகளையும் பொருள் எண்களையும் மனப்பாடமாக வைத்திருந்து பார்க்காமலே தட்டியவர்கள். ஸ்கேனர் வந்த பிறகு, அவர்களுடைய சொந்தத் தயாரிப்புப் பாக்கெட்டுகளில் பார்கோடைப் பெரிதாக, பல பக்கங்களில் அச்சடித்துவிட்டார்கள், திருப்பிப் பார்க்கிற நேரம்கூட மிச்சம். அமெரிக்காவின் வால்மார்ட் 1997-ல் இங்கே வந்து, வாசலில் சிரித்து வரவேற்க ஆள், கல்லாவில் பை போட்டுத் தர ஆள் என்று அவர்கள் ஊர் வழக்கத்தைக் கொண்டுவந்தது. என் சாமானை நீ ஏன் தொடுகிறாய் என்பதுதான் இங்குள்ளவர்கள் பலரின் எண்ணம். வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 2006-ல் கடைகளை விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர்களுக்குக் கல்லாவில் சாமான் குவிகிற இந்த இடத்தில் கை உதறும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கும் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர், உணவகச் சமையலறைகளில் வருடக்கணக்கில் வேலை பார்த்து, ஜெர்மன் பேச ஆரம்பித்தால் ஜெர்மன்காரர்களே ஒதுங்கி நின்று கேட்பார்கள். "தங்கச்சி, அவ என்ன வேகத்தில தள்ளினாலும் பரவாயில்ல, நீங்க அப்பிடியே வண்டிலுக்குள்ள போடுங்கோ. காசைக் குடுத்திட்டு அங்கால போய் ஆறுதலா அடுக்கலாம்" என்றார். அவ்வளவுதான் விஷயம். பல கடைகளில் கல்லாவைத் தாண்டியதும் சுவரோரமாக ஒரு நீளப் பலகை இருக்கும், பைகளில் அடுக்குவதற்கென்றே போட்டது அது. கல்லா முன்னாலேயே நின்று முட்டை மேலே, உருளைக்கிழங்கு கீழே என்று அடுக்கிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான்.

அப்புறம் பெல்ட்டில் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. கனமானது முதலில், ரொட்டியும் முட்டையும் கீரையும் கடைசியில், அப்போதுதான் வண்டிக்குள்ளும் அதே வரிசையில் நசுங்காமல் விழும். பாட்டிலை நிற்க வைக்கக் கூடாது, பெல்ட் நகரும்போது சாயும். நீளவாக்கில் படுக்க வைத்தால் உருளாது. நம் சாமான் முடிந்ததும் ஓரத்தில் இருக்கும் முக்கோணக் கட்டையை எடுத்து வைத்துவிட வேண்டும். அது நமக்காக இல்லை, பின்னால் வருகிறவர் தன் சாமானை வைக்க ஆரம்பிப்பதற்காக. அவர் ஒரு 'டாங்கே' சொல்வார். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் கழிந்த ஆரம்ப மாதங்களில் அந்த ஒரு நன்றி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் இங்கேயே பிறந்தவர்களுக்குப் புரியாது. காலி பாட்டில்களை மெஷினில் போட்டு வாங்கிய ஃபாண்ட் சீட்டை (பாட்டிலுக்கென்று முன்பே கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிற சீட்டு) மொத்தத் தொகை சொல்வதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், திரும்பப் பயன்படுகிற கண்ணாடிக்குப் பெரும்பாலும் 8 அல்லது 15, சேர்த்துவைத்துப் போட்டால் ஒரு வேளை காய்கறிக் காசு அது, பணம் கட்டி முடித்தபிறகு பர்ஸிலிருந்து உருவினால் அந்தப் பில்லில் கழிக்க முடியாது. கையில் ஒரே ஒரு பால் பாக்கெட்டோடு யாராவது பின்னால் நின்றால் முன்னே போகச் சொல்வது இங்கே நல்ல வழக்கம், நிறையப் பேர் தாங்களாகவே செய்கிறார்கள். ஆனால் பின்னால் நிற்பவராகக் கேட்பது அவ்வளவு நன்றாக எடுத்துக்கொள்ளப்படாது, அவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

ரேஷன் கடையில் கட்டைப்பையையோ ஒரு கல்லையோ வரிசையில் வைத்துவிட்டு நிழலில் போய் உட்காருவோமே, அது இங்கே செல்லாது. வண்டியை வரிசையில் விட்டுவிட்டு "இதோ தயிர் மட்டும்" என்று ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஜெர்மன்காரர்களும்தான். திரும்பி வரும்போது வண்டி ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தால் கேட்க முடியாது.

எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று, புதிய கல்லா திறக்கிற நேரம். இவ்வளவு ஒழுங்கு பேசுகிற நாட்டில் அந்த ஒரு நிமிடம் மட்டும் ஒழுங்கே கிடையாது. மணி அடித்து அடுத்த கல்லாவில் ஆள் வந்து உட்கார்ந்ததும், வரிசையின் வாலில் அப்போதுதான் வந்து சேர்ந்தவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு பாய்வார்கள். பத்து நிமிடமாக நடுவில் நிற்கிறவர், அதிலும் கைத்தடியோடு அல்லது நடக்க உதவுகிற தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயதானவர், முன்னும் பின்னும் போக முடியாமல் அப்படியே நிற்பார். நியாயமாக அடுத்து யார் முறையோ அவர்தான் போக வேண்டும். சில ஊழியர்கள் "அடுத்தவர் வாருங்கள்" என்று கையைக் காட்டி அந்த ஆளையே கூப்பிடுவார்கள், அவர்களைக் கண்டால் எனக்குக் கும்பிடத் தோன்றும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. காலி பாட்டில் மெஷின் முன்னால் இரண்டு மூட்டையோடு நிற்கிற மனிதர், நம் கையில் நாலு பாட்டில்தான் இருக்கிறது என்று பார்த்ததும் ஒதுங்கி வழி விடுவார், அந்த மனசு கல்லா வரிசையில் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

சரி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வந்து சில மாதம் ஆன எங்கள் பிள்ளைகள், படிக்க வந்தவர்கள், ஐடி வேலைக்கு வந்தவர்கள், கல்லா வரிசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் சொல்வது "இந்தக் கிழங்கள் சில்லறை எண்ணியே உயிரை எடுக்கிறார்கள்" என்பதுதான். இங்குள்ளவர்களும் அதையே சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கும்போது கோபமாக வருகிறது.

சில்லறை ஏன் சேருகிறது என்று யோசிக்க வேண்டாமா? விலை எல்லாம் 1.99, 2.49 என்று முடிகிறது. பக்கத்து நெதர்லாந்தில் ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத்தை ஐந்து சென்டுக்குச் சரிசெய்துவிடுகிறார்கள், 2004-லிருந்தே அப்படித்தான். ஜெர்மனியில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் வரை எண்ணிக் கொடுக்கிறார்கள், எண்ணி வாங்குகிறார்கள். பர்ஸ் கனக்காமல் என்ன செய்யும்? ஒரே தடவையில் ஐம்பது நாணயத்துக்கு மேல் வாங்க மறுக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியே இருக்கிறது, அதாவது அதுவரை கொடுப்பவருக்கு உரிமை. அதுவும் பென்ஷன் பணத்தில் வாழ்கிறவர்கள் நிறையப் பேர் மாதத் தொடக்கத்தில் ரொக்கமாக எடுத்து, இந்த வாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்துச் செலவழிக்கிறார்கள். கார்டில் தட்டினால் கை நழுவிப் போவது தெரியாது, பர்ஸில் தெரியும். என் பாட்டி சுருக்குப்பையில் செய்ததும் அதுதான்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இங்கே ஞாயிறு கடை கிடையாது, அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஊரே வரிசையில் நிற்கும். எனக்கும் அக்காவுக்கும் முன்னால் ஒரு ஆள், அவருக்கு முன்னால் ஒரு ஜெர்மன் பாட்டி. பாட்டி வாங்கியது அரை ரொட்டி, ஒரு வெண்ணெய், பூனைக்கு நாலு டப்பா. தொகையைச் சொன்னதும் பர்ஸைத் திறந்து, கண் தெரியவில்லை போல, அப்படியே கல்லாப் பெண்ணிடம் நீட்டிவிட்டார். அந்தப் பெண் அவசரப்படவில்லை. ஒவ்வொரு நாணயமாக எடுத்து, பாட்டி பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்து, "இது இரண்டு யூரோ, இது ஐம்பது" என்று சத்தமாகச் சொல்லி எண்ணினாள், ஏமாற்றவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா. அதற்குள் எங்கள் முன்னால் நின்றவர் ஒரு பெருமூச்சு விட்டார், அடுத்தது இன்னும் பலமாக. வண்டியை ஒரு அங்குலம் தள்ளினார், அது பாட்டியின் கோட்டில் போய் முட்டியது. பாட்டி திரும்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கை நடுங்கி, மிச்சச் சில்லறை கீழே சிந்தியது.

நான் குனிந்து பொறுக்கினேன். அக்கா அந்த ஆளிடம், குரலை உயர்த்தாமல், சுத்தமான ஜெர்மனில், "உங்களுக்கு அவசரம் என்றால் அங்கே தானாகவே பில் போடுகிற மெஷின் நாலு இருக்கிறது, அதற்கு யாரும் வரிசையில்கூட இல்லை. இவருக்கு இந்தக் கல்லாதான் இருக்கிறது" என்றார். அவர் முகம் சிவந்துபோய் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பாட்டி போகும்போது அக்காவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

வரிசையில் தொந்தரவு யார் என்று கேட்டால் நான் அந்த ஆளைத்தான் சொல்வேன். முன்னால் நிற்கிறவரின் குதிகாலில் வண்டியை இடிக்கிறவர், கழுத்தில் மூச்சுப் படும்படி நெருங்கி நிற்கிறவர், கார்ட் நம்பர் அழுத்தும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறவர், போனில் பேசிக்கொண்டே கல்லாப் பெண்ணின் வணக்கத்துக்குப் பதில் சொல்லாதவர். இவர்கள் யாரும் மெதுவானவர்கள் இல்லை, எல்லாரும் வேகமானவர்கள்.

நம்மவர்களையும் சொல்லத்தான் வேண்டும். ஆல்டியில் கோடு போட்டதுபோல் நிற்கிற அதே ஆள், தமிழ்க்கடைக்குள் நுழைந்ததும் மாறிவிடுகிறார். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வந்து இறங்குகிற நாளில் பாருங்கள், "அண்ணை, ஒரு கட்டுத்தான், சில்லறையா வச்சிருக்கிறன்" என்று பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீளும், அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கை. கடைக்காரர் அண்ணன் முகத்துக்காக வாங்கிப் போட்டுவிடுவார். நடுவில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண் நின்றுகொண்டே இருப்பாள். வெள்ளைக்காரனுக்குக் கொடுக்கிற மரியாதையை நம்மில் ஒருவருக்குக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நெதர்லாந்தில் யும்போ என்கிற கடைக்காரர்கள் 2019-ல் பேச்சுக் கல்லா என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அவசரமில்லாதவர்கள் அந்த வரிசையில் நிற்கலாம், பில் போடுகிறவரோடு நாலு வார்த்தை பேசலாம், சில்லறையை நிதானமாக எண்ணலாம், யாரும் பெருமூச்சு விட மாட்டார்கள். தனியாக இருக்கிற முதியவர்களை மனதில் வைத்துத் தொடங்கியது, பிறகு நிறையக் கிளைகளுக்குப் பரவியது. ஜெர்மனியிலும் அங்கங்கே சில கடைகள் இதைச் செய்து பார்க்கின்றன. எங்கள் தெருக்கடையில் இல்லை.

அக்காவும் நானும் கடை மேலாளரிடம் போய்ப் பேசினோம். எல்லா நாளும் வேண்டாம், கூட்டம் குறைவாக இருக்கிற புதன்கிழமை காலையில் ஒரே ஒரு கல்லாவை அப்படி வையுங்கள் என்றோம். ஆள் பற்றாக்குறை என்றார், ஆனால் எத்தனை பேருக்கு வேண்டும் என்று எழுதிக் கொண்டுவாருங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். இப்போது எங்கள் கட்டடத்திலும் எதிர்க் கட்டடத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். முதல் மாடியில் கீழே இறங்கவே சிரமப்படுகிற ஒரு தாத்தா, தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, புதன் என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்து மணி என்று கேட்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை.