எக்கோவில் மாற்றமில்லை, காலில் இருக்கிறது

இதயச் செயலிழப்பு உள்ள என் அப்பாவின் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் 'பம்பிங்', அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு, 30 சதவீதம் என்று சென்ற ஆண்டு எழுதியிருந்தது. மருத்துவரின் அனுமதியோடும் பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையிலும் ஆறு மாதம் நடைப்பயிற்சி செய்த பிறகும் அது 32 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனாலும், மாடிக்கு ஏறுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கியவர் இப்போது ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார். "பம்பிங் ஏறவே இல்லையே, அப்புறம் எப்படிடா?" என்று அவர் கேட்டதற்கு விடை இதயத்தில் இல்லை, தொடைத் தசையில் இருக்கிறது என்பது படிக்கப் படிக்கத்தான் எனக்குப் புரிந்தது.

இதயம் தளர்ந்தவர்களின் கால்தசைக்கு இரத்தம் குறைவாகச் செல்வது நோயின் ஒரு பாதிதான். நாளடைவில் அந்தத் தசைச் செல்லே கெட்டுப்போகிறது. நீண்ட நேரம் உழைக்கும் மெதுவகை இழைகள் குறைந்து, விரைவில் களைக்கும் வேகவகை இழைகளின் பங்கு கூடுகிறது. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சுருங்குகின்றன. இவற்றோடு, நாள்பட்ட அழற்சியின் தூண்டுதலால், தேவையற்ற புரதங்களுக்கு யூபிக்விட்டின் என்னும் அடையாளச் சீட்டை ஒட்டிப் புரோட்டியசோம் என்னும் புரதம் அரைக்கும் அமைப்புக்கு அனுப்பிச் சிதைக்கும் துப்புரவு ஏற்பாடு அளவுமீறி இயங்கி, நல்ல புரதத்தையும் அரித்துவிடுவதால் தசை மெலிகிறது. இத்தகைய நோயாளிகளுக்குப் படுக்கை ஓய்வையே பல காலம் பரிந்துரைத்தார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நோய் பாதி மெலியவைத்த தசையை ஓய்வு மீதியும் மெலியவைத்திருக்கும்.

நடை, ஓட்டம் போன்ற ஏரோபிக் பயிற்சி இந்தச் சீர்கேட்டை ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் எதிர்த்து நிற்கிறது. ஓடவைத்துப் பழக்கிய எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாக்களின் ஆக்சிஜனேற்றத் திறன் ஏறத்தாழ இரு மடங்கானதை 1967-இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். தசை திரும்பத் திரும்பச் சுருங்கும்போது செல்லுக்குள் கால்சியமும் ஆற்றல் பற்றாக்குறையும் எழுப்பும் சமிக்ஞைகள் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதத்தைத் தூண்ட, அது புதிய மைட்டோகாண்ட்ரியாக்களை உருவாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது என்பது பின்னர் தெளிவானது. புரோட்டியசோமின் மிகை இயக்கமும் பயிற்சியால் தணிவதை, இதயச் செயலிழப்புள்ள எலிகளிலும் நோயாளிகளிலும் பிரேசில் ஆய்வாளர்கள் 2012-இல் கண்டார்கள். எக்கோ பார்ப்பது இதயத்தை மட்டும்தான் என்பதால் இவற்றில் எதுவும் அதில் தெரியாது.

எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 2007-இல் நார்வேயில் 27 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், நான்கு நிமிடக் கடும் நடையும் இடையிடையே இளைப்பாறலுமான இடைவெளிப் பயிற்சி மிதமான பயிற்சியைப் பெரிதும் விஞ்சியது. 2017-இல் வெளியான, 261 பேரைச் சேர்த்த பெரிய ஆய்வில் அந்த மேன்மை காணப்படவில்லை. அப்பா மிதமான நடையையே தேர்ந்தெடுத்தார். 2,331 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வும் அத்தகைய பயிற்சி பாதுகாப்பானது என்றே காட்டியிருந்தது. மரணத்தையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் அது குறைத்த அளவு சிறிதுதான் என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை.

மழைக்காலத்தில் நான்கு வாரம் நடை நின்றுபோனது. மைட்டோகாண்ட்ரியப் புரதங்கள் பலவற்றின் அரை ஆயுள் (பாதி சிதைந்துபோக ஆகும் காலம்) ஒரு வாரம் அளவில்தான் என்பதால், மழை விட்டபின் முதல் நாள் மாடிப்படியின் நடுவில் அவர் மறுபடியும் நின்றபோது எனக்கு வியப்பாக இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "சீட்டு ஒட்ட ஆரம்பிச்சிட்டான் போல" என்றார்.