அக்காவின் அறுபதுக்கு உலகம் சுற்ற ஒரு டிக்கெட்

வரும் மே மாதம் அக்காவுக்கு 60 வயது நிறைகிறது. வாழ்க்கையின் பெரும்பகுதியைக் குவைத்தில் நர்ஸ் வேலையில் கழித்தவள். திருவனந்தபுரத்தில் ஏறுவாள், குவைத்தில் இறங்குவாள், லீவுக்கு அதே வழியில் திரும்புவாள். வேறு எந்த ஊரையும் பார்த்ததில்லை. அவள் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது, நான் பி.எட். முடித்து ஆசிரியை ஆனேன். ஓய்வு பெற்றுத் தக்கலைக்கே வந்துவிட்டாள். அறுபதுக்குக் கோவிலில் நன்றிப் பூசை வைத்து, மண்டபம் பிடித்துச் சாப்பாடு போடலாம் என்று நாங்கள் பேச்செடுத்தபோது, "ஊரக் கூட்டிச் சோறு போடண்டாம் மக்களே. அந்தக் காசுல உலகத்த ஒரு சுத்து சுத்திப் பாக்கணும்" என்றாள்.

சரி, சுற்றிவிடுவோம் என்று நான் இறங்கினேன். துணைக்குப் போவதும் நான்தான். பள்ளி விடுமுறையும் அவள் பிறந்தநாளும் ஒன்றாக வருவது பெரிய வசதி.

உலகம் சுற்றுவதற்கென்றே தனி வகை டிக்கெட் இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது. விமான நிறுவனங்களின் கூட்டணிகள் அதை விற்கின்றன. ஸ்டார் அலையன்ஸ் விற்பது மைல் கணக்கு: 29,000, 34,000, 39,000 என்று படிப்படியாக விலை ஏறும். ஒன்வேர்ல்ட் எக்ஸ்ப்ளோரர் என்பது கண்டக் கணக்கு. எத்தனை கண்டங்களைத் தொடுகிறோமோ அதற்கு ஒரு விலை. அதிகபட்சம் 16 பயணத் துண்டுகள் (ஒரு விமானத்தில் ஏறி இறங்குவது ஒரு துண்டு), ஓராண்டு செல்லும். இரண்டுக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. கிழக்கே போனால் கிழக்கேதான், மேற்கே போனால் மேற்கேதான், ஒரே திசையில் சுற்ற வேண்டும். அட்லாண்டிக், பசிபிக் இரண்டையும் கடக்க வேண்டும். புறப்பட்ட நாட்டிலேயே முடிக்க வேண்டும்.

எங்களுக்கு ஒன்வேர்ல்ட் பொருந்தியதற்குக் காரணம் திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்த விமான நிலையத்துக்கு மலேசியா ஏர்லைன்ஸ் வருகிறது, கத்தார் ஏர்வேஸ் வருகிறது. இரண்டும் ஒன்வேர்ல்ட். கிழக்கே கோலாலம்பூர் வழியாகக் கிளம்பி, மேற்கிலிருந்து தோஹா வழியாக வீட்டுக்கு வரலாம். ஸ்டார் அலையன்ஸ் என்றால் ஏர் இந்தியாவில் டெல்லிக்கோ மும்பைக்கோ போய்த்தான் வெளியே போக வேண்டியிருக்கும். அந்த மைல்களும் கணக்கில் ஏறும்.

முதலில் விசாரித்த ஏஜென்சியில் அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது என்றார்கள். இன்னொரு இடத்தில் ஹோட்டல், வண்டி எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் நீட்டினார்கள். பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று, விற்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரியும் சேர்த்துப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை பணம் கைவிட்டுப் போயிருக்கும். டிக்கெட்டை மட்டும் தனியே வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது. அதனால் நானே திட்டம் போட உட்கார்ந்தேன்.

பலர் செய்வதுபோல் முதலில் பார்க்க ஆசைப்படும் ஊர்களை எழுதி, அப்புறம் விசாவைப் பற்றி யோசிக்கும் முறை நம் பாஸ்போர்ட்டுக்கு ஒத்துவராது. விசாவை வைத்துத்தான் வட்டத்தை வரைய வேண்டும். மலேசியாவுக்கு இப்போது இந்தியர்களுக்கு விசா வேண்டாம். கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பினால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. ஹாங்காங்குக்கு ஆன்லைனில் இலவச முன்பதிவு உண்டு, 14 நாள் வரை தங்கலாம். பிஜித் தீவுக்கு விசாவே வேண்டாம். அப்படிப் பார்த்தால் அமெரிக்க விசா ஒன்று, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் ஒன்று, இரண்டு விசாவோடு உலகம் முடிந்துவிடுகிறது. வட்டம் இப்படி அமைந்தது: திருவனந்தபுரம், கோலாலம்பூர், ஹாங்காங், பிஜியில் நாடி, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், மாட்ரிட், தோஹா, திரும்பத் திருவனந்தபுரம். ஒன்வேர்ல்ட் கணக்கில் ஆசியா, தென்மேற்குப் பசிபிக், வட அமெரிக்கா, ஐரோப்பா என நான்கு கண்டங்கள். மத்திய கிழக்கை ஐரோப்பாவோடு சேர்த்தே எண்ணுவதால் தோஹாவுக்குத் தனிக் காசு இல்லை.

லண்டன் ஏன் இல்லை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். லண்டனுக்கு மூன்றாவதாக ஒரு விசா வேண்டும். அங்கே தங்கிவிட்டு நீண்ட தூர விமானம் ஏறினால் பிரிட்டன் அரசு தனியாகப் பயண வரி வாங்குகிறது. 2025-இல் எகானமிக்கே ஆளுக்கு 90 பவுண்டு அளவில் இருந்தது. அடிப்படை விலை கண்டக் கணக்கில் ஒன்றாக இருந்தாலும், எந்த விமான நிலையத்தில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து வரித் தொகை நிறைய மாறும். டிக்கெட்டைச் சல்லிசாக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிப் பட்டியலைத்தான்.

மாட்ரிட்டைச் சொன்னதும் அக்காவின் முகமே மாறிவிட்டது. கோட்டாறு சவேரியார் பிறந்த ஹாவியர் கோட்டை ஸ்பெயினின் நவாரா பகுதியில்தான் இருக்கிறது. 1506-இல் அங்கே பிறந்தவரின் திருவிழாவுக்கு டிசம்பர் 3 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே விடுமுறை விடுகிறார்கள். மாட்ரிட்டிலிருந்து பம்பலோனாவுக்கு ரயிலில் போய், அங்கிருந்து சாலையில் போக வேண்டும். பாரிஸ் போகலாமா என்று கேட்டேன். அதெல்லாம் தேவையில்லை என்றுவிட்டாள்.

பிஜியைச் சேர்த்தது என் ஆசை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் தீவு. நாடி ஊரில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. மே மாதத்தில் அங்கே புயல் காலமும் முடிந்திருக்கும். பிஜி ஏர்வேஸ் 2025-இல் ஒன்வேர்ல்டின் முழு உறுப்பினர் ஆனதால், பசிபிக்கைக் கடக்க இந்த வழி எளிதாகிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கிழக்கு நோக்கிப் போனால் பசிபிக் நடுவில் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடக்கும்போது ஒரு நாள் திரும்பக் கிடைக்கும். நாடியில் இரவு பத்து மணி வாக்கில் ஏறினால், சுமார் பத்து மணி நேரம் பறந்து, லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதியில் பகல் ஒரு மணிக்கு இறங்கலாம். மே மாதத்தில் இரண்டு ஊருக்கும் 19 மணி நேர வித்தியாசம். பிறந்தநாளன்று இந்த விமானத்தைப் பிடித்தால் அக்காவின் அறுபதாவது பிறந்தநாள் 43 மணி நேரம் நீளும். மேற்கு நோக்கிப் போயிருந்தால் பிறந்தநாளே காணாமல் போகக்கூடும். அதனால் அந்த ஒரு விமானத்தை முதலில் நட்டுவைத்து, மற்ற தேதிகளை முன்னும் பின்னும் கட்டினேன். ஹாங்காங்கிலிருந்து நாடிக்கு எல்லா நாளும் விமானம் இல்லை. அதனால் ஹாங்காங்கில் தங்கும் நாட்களை அந்த அட்டவணைதான் தீர்மானித்தது.

ஒவ்வொரு துண்டையும் தனி டிக்கெட்டாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்றும் கூட்டிப் பார்த்தேன். மலிவு விமானங்களைப் பொறுக்கினால் மேலோட்டமாகக் கொஞ்சம் குறைகிறது. பசிபிக்கைக் கடக்கும் ஒருவழி டிக்கெட்டுகளே பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. பெட்டிக்கான கட்டணம் சேர்ந்ததும் அந்த லாபமும் போய்விடுகிறது. அதோடு ஒரு விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. அறுபது வயது அக்காவை வைத்துக்கொண்டு நான் அந்த வேலைக்குப் போகவில்லை. நான்கைந்து ஊர் மட்டும் போகிற இளைஞர்களுக்குத் தனித்தனி டிக்கெட் லாபமாக இருக்கலாம். இதே வட்டத்துக்குப் புறப்படும் நாட்டைப் பொறுத்து விலை மாறும் என்பதால் கொழும்பிலிருந்து தொடங்கியும் பார்த்தேன். அங்கே போய்வரும் டிக்கெட்டும் தங்கும் செலவும் சேர்ந்தபோது திருவனந்தபுரமே நல்லது என்று தோன்றியது.

பாஸ்போர்ட், அமெரிக்க விசா, ஷெங்கன், டிக்கெட் என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அக்காவின் பழைய பாஸ்போர்ட் குவைத் முத்திரைகளால் நிரம்பியிருந்தது. புதிதாக எடுக்கும்போது 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 என்றிருந்ததில் 60 பக்கமே வாங்கினோம். அமெரிக்க விசாவுக்குச் சென்னையில் நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கட்டணம் 185 டாலர். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, செல்போனை வெளியே வைத்துவிட்டு, அண்ணா சாலை துணைத் தூதரகத்துக்குள் நுழைந்தோம். யார் செலவு, எத்தனை நாள், ஏன் இந்த வழி என்று கேட்டார்கள். கையில் ஒரே தாளில் முழு வட்டமும் தேதியோடு இருந்தது மிகவும் உதவியது. அக்காவே ஆங்கிலத்தில் தெளிவாகப் பதில் சொன்னாள்.

ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதற்காகப் பணம் கட்டி டிக்கெட் எடுத்துவிட வேண்டாம், முன்பதிவுத் தாளே போதும். அக்காவுக்கு ஓய்வூதியம் இல்லாததால் வங்கி டெபாசிட் ரசீதுகள், வீட்டுப் பத்திர நகல், என் சம்பளச் சான்று எல்லாம் வைத்தோம்.

இரண்டு விசாவும் வந்தபின் ஆன்லைனில் டிக்கெட் போடப் பார்த்தால், பணம் கட்டும் பக்கத்தில் நின்றுவிட்டது. இந்த டிக்கெட்டுக்கென்று ஒதுக்கிய வகை இருக்கைகள் எல்லாத் துண்டிலும் இருந்தால்தான் அந்த விலைக்கு டிக்கெட் கிடைக்கும். தொலைபேசியில் பேசி, நியூயார்க் தேதியை ஒரு நாள் தள்ளியதும் சரியாகிவிட்டது. தேதியைப் பிறகு மாற்றினால் பெரும்பாலும் காசில்லை, வழியை மாற்றினால்தான் கட்டணம். அதனால் ஊர்கள் உறுதியாக இருந்தால் தேதிக்காகத் தயங்க வேண்டாம். தோஹாவிலிருந்து வரும் கடைசி விமானத்தை மட்டும் ஜூன் கடைசிக்கு வைக்காதீர்கள். வளைகுடாப் பள்ளிகள் விட்டதும் ஊருக்கு வரும் குடும்பங்களால் இருக்கை கிடைப்பது கஷ்டம். டிக்கெட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டிலும் எத்தனை பெட்டி, எவ்வளவு எடை என்று வரிவரியாகப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அதில் நாடியிலும் நியூயார்க்கிலும் இருக்கும் யாருக்கோ நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுபோக வேண்டுமாம். அவர்கள் யாரென்று இன்னும் முடிவாகவில்லை, சிப்ஸுக்குச் சொல்லிவைத்துவிட்டாள்.