ஓரியூர் செம்மண்ணும் ராசா திருநாளும்

கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு ஓரியூர் போகணும் என்று அடம்பிடித்தது அம்மாச்சிதான். "பிப்ரவரித் திருவிழாக் கூட்டத்துல என்னால நிக்க முடியாது ராசா, இப்பவே போயிட்டு வந்துருவோம்" என்றாள். தொண்டியில் பஸ் ஏறும்போது தூறல். ஓரியூரில் இறங்கும்போது சுள்ளென்று வெயில். நவம்பர் மழையை நம்பிக் குடை எடுத்தால் இப்படித்தான்.

திருப்பலியில் இந்த முறை லூக்கா நற்செய்தி. சிலுவைக்கு மேலே 'யூதரின் அரசர்' என்று எழுதி மாட்டிக் கேலி செய்கிறார்கள். பக்கத்தில் தொங்கும் கள்வன் மட்டும், உம் ஆட்சி வரும்போது என்னை நினைத்துக்கொள்ளும் என்கிறான். ராஜா விழாவுக்கு இந்த வாசகமா என்று சின்ன வயதில் தோன்றும். எங்கள் ஊர்க் கோயிலில் அன்றைக்கு இயேசு சுரூபத்துக்கு ஜிகினா மணிமுடி வைத்து சீரியல் பல்பு சுற்றுவார்கள். எனக்கு அந்த மணிமுடி பிடிக்கவே பிடிக்காது. கூத்து ராஜா மாதிரி இருக்கும்.

விழாவே அவ்வளவு பழசில்லை. 1925 டிசம்பரில் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஏற்படுத்தியது. முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் பெரிய அரச வம்சங்கள் சில சரிந்து போயிருந்த நேரம். முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறாக இருந்ததை, 1969 சீர்திருத்தம் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றியது.

ஓரியூரில் இதை யோசிக்கிறவனுக்கு, இங்கே உயிர்விட்ட வேதபோதகர் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) குறுக்கே வராமல் இருக்க மாட்டார். லிஸ்பனில் பிறந்து, சிறுவயதில் போர்த்துக்கீசிய அரண்மனையில் இளவரசர் பெட்ரோவோடு வளர்ந்தவர். அந்த பெட்ரோ பிறகு அரசர். ஒருமுறை ஊர் திரும்பியபோது இங்கேயே இருந்துவிடு என்று அரசர் கேட்டும் இருக்கவில்லை. காவி உடுத்திய பண்டாரசாமியாக ராமநாதபுரத்து மறவர் சீமைக்கே திரும்பி வந்தார். அதற்கு முன்பே, 1686-ல் பிடித்து வதைத்தபோது, சீமையின் அரசர் கிழவன் சேதுபதி உயிரோடு விட்டிருந்தார், சீமைக்குள் இனிக் கால் வைக்கக்கூடாது என்று சொல்லி. கால் வைத்தார். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன், இதே ஓரியூரில் தலை விழுந்தது. ஓர் அரசரின் நட்பையும் இன்னொருவரின் கட்டளையையும் மீறிப் போக வைத்தவர் எப்படிப்பட்ட ராஜாவாக இருக்க வேண்டும்? மறையுரை ஓடிக்கொண்டிருக்க, என் புத்தி இதிலேயே நின்றது.

பூசை முடிந்து செம்மண் எடுக்கப் போனோம். அவர் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது சனங்களின் நம்பிக்கை. நோய்க்கு, பிள்ளை வரத்துக்கு என்று அள்ளிப் போவார்கள். மழையில் நனைந்திருந்ததால் உதிரவில்லை. பிசுபிசுவென்று விரலில் ஒட்டி, நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மாச்சி ஒரு பிடி எடுத்து முந்தானை நுனியில் முடிந்தாள். மாமா வள்ளத்துக்காம், அணியத்தில், அதாவது முன்முனையில் தடவ. அப்புறம் அங்கேயே முட்டி போட்டு, "என் ராசா, கடலுக்குப் போற புள்ளையக் கைவிட்றாதய்யா" என்றாள்.

நான் தள்ளி நின்றேன். செபம் முடித்துக் கையை நீட்டினாள்.

"ராசா, செத்த தூக்கி விடு."

இந்த முறை எனக்கு.