சங்குக் காசும் புளியும்
பாட்டாவின் மரப்பெட்டிக்கு அடியில் கிடந்த திருவிதாங்கூர் செப்புக்காசுகளில் ஒன்றைப் பத்து வருடத்துக்கு முன்னால் நான் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். குத்துவிளக்கு துலக்குகிற மாதிரிதான். ஐந்தே நிமிடத்தில் பளபளவென்று சிவந்தது, ஆனால் காசில் பொறித்திருந்த சங்கின் வரிகள் மழுங்கிவிட்டன. இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

எங்கள் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு மலையாளத்துப் பக்கம்தான் இருந்தது, அதனால் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய வீடுகளில் இந்தக் காசு இன்னும் கிடைக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய்.

செம்பில் களிம்பு என்றாலே நமக்கு அழுக்குதான். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்த அழுக்கான ஆணவ மலத்துக்கே அதைத்தான் உவமை சொல்வார்கள். காசு விஷயத்தில் மட்டும் அப்படி நினைக்காதீர்கள். அந்தப் பழுப்புத் தோல் மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, செம்பின் மேற்பரப்பே காற்றோடு சேர்ந்து மாறியது. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம், தோலையே கரைத்துவிடும், அதோடு தேய்ந்த எழுத்தும் போய்விடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் காறி அதுவும் அரிக்கும்.

காசில் ஒட்டிய மண்ணைத்தானே எடுக்க வேண்டும்? டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள், ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகட்டும். மண் இளகியதும் ஈர்க்குச்சியின் நுனியைச் சீவி, லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே மெல்ல நெம்ப வேண்டும், ஊசியோ கம்பியோ பக்கத்திலேயே வரக்கூடாது. வரவில்லையா, விட்டுவிட்டு மறுபடி ஊறப் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, டேப் பசை, பிவிசி கவரால் வந்த பச்சைக் கொழகொழப்பு இதற்கெல்லாம் சுத்தமான அசிட்டோன் என்கிற கரைப்பான், அது செம்பைத் தொடாது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்புப் பக்கம் கூடவே கூடாது. அப்புறம் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் பயப்பட வேண்டும். இளம்பச்சையில் மாவு மாதிரிப் பூத்து, தட்டிவிட்டாலும் திரும்ப வந்தால் உள்ளே குளோரைடு உப்பு இருக்கிறது, ஈரமும் காற்றும் பட்டால் அமிலமாகி செம்பைத் தின்றுகொண்டே போகும். எங்கள் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதனால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்தான் வைக்கிறேன்.

இப்போது மூன்றாவது காசு கிண்ணத்தில் ஊறுகிறது. பன்னிரண்டு நாளாகிவிட்டது, சங்கின் வாய் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.