தமிழ் தெரியாதவர் என் தமிழ் வகுப்பில்

ஜனவரி 14
இந்த ஆண்டின் இலக்குப் படிவத்தை நிரப்பியாயிற்று. மூத்த ஆசிரியர் ஆக வேண்டும் என்று எழுதினேன். சிங்கப்பூரில் 2001இல் ஆசிரியர் பணியை மூன்று தடங்களாகப் பிரித்தார்கள்: கற்பித்தல் (மூத்த ஆசிரியர் பதவி இதில்தான்), தலைமைத்துவம், சிறப்பு வல்லுநர். பள்ளி முதல்வராகும் ஆசை எனக்கில்லை, கூட்டம் என்றாலே தூக்கம் வரும்.

மார்ச் 6
என்னை மதிப்பிடும் அதிகாரி வகுப்புக்கு வந்தார். தாய்மொழித் துறைத் தலைவர், சீன ஆசிரியை. தமிழில் ‘வணக்கம்’ மட்டும் தெரியும். தமிழாசிரியர் இரண்டு மூன்று பேரே உள்ள பள்ளியில் வேறு வழியில்லை.

தொடக்கநிலை 4, மீனும் காய்கறியும் விற்கும் தேக்கா ஈரச்சந்தை பற்றிய உரையாடல். பின்வரிசையில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் காட்டினார்: இருக்கை வரைபடத்தில், பேசிய பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. சன்னலோரம் மூன்று பேருக்குக் கோடே இல்லை. தமிழ் தெரிந்தவர் வந்திருந்தால் என் லகர ளகரத்திலேயே நின்றிருப்பார். இது கண்ணில் பட்டிருக்காது.

ஆனால் அதிகக் கோடு வாங்கிய பையன் பேசியதெல்லாம் வாய்மொழித் தேர்வுக்கு டியூஷனில் உருப்போட்ட வாக்கியங்கள். வீட்டில் ஆங்கிலமே பேசும் ஒரு பெண், “அங்கிள் ஏன் மீன் மேல தண்ணி... தண்ணி தெளிக்கிறாரு?” என்று தானாகக் கேட்டாள். என்னைக் கேட்டால் அன்றைய பாடமே அதுதான். தாளில் அவளுக்கு ஒரு கோடு.

மே 27
நடுவாண்டுச் சந்திப்பில் இதைச் சொன்னேன். “சரி, எனக்கு எப்படிக் காட்டுவீர்கள்?” என்றார். நியாயமான கேள்வி. பிள்ளைகள் பேசுவதைப் பதிவு செய்து, எது உருப்போட்டது, எது சொந்தமாக வந்தது என்று குறித்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். கூடுதல் வேலைதான். உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையப் பயிலரங்கில் பழக்கமான மூத்த ஆசிரியர் ஒருவர், “நானும் கேட்டுச் சொல்றேம்மா” என்றார்.

நவம்பர் 12
அடுத்தது வரிசைப்படுத்தும் கூட்டம். ஒரே நிலையில் இருக்கும் ஆசிரியர்களை ஒப்பிடுவார்கள். பணியில் நான் எவ்வளவு உயரம் போவேன் என்று அவர்கள் போடும் உத்தேசமும் உண்டு. அரசாங்கச் சேவை 1983இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்திடமிருந்து எடுத்துக்கொண்ட முறை. கணித ஆசிரியரின் பாடம் அந்த அறையில் எல்லாருக்கும் புரியும். என் பாடத்துக்கு என் அதிகாரிதான் வாய்.

கூட்டத்துக்காகப் பதிவுகளில் இரண்டை மட்டும் அனுப்பச் சொன்னார் அதிகாரி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். உருப்போட்டவர்கள் தடங்கலில்லாமல் பேசுகிறார்கள், சொந்தமாகப் பேசுகிறவர்கள் திக்குகிறார்கள். தமிழ் தெரியாத காதுக்கு எது நன்றாக இருக்கும் என்று தெரிந்தும், திக்கும் பதிவுகள் இரண்டையும் ஒரு குறிப்போடு அனுப்பிவிட்டேன். முடிவு மார்ச்சில்.