இந்தத் தடவை என் கையெழுத்து

(மனநல வார்டில் போனுக்கு அனுமதி இல்லை. நோட்டில் எழுதியதை வீட்டுக்கு வந்து தட்டிப் போடுகிறேன்.)

9 ஜூன் 2024, ஞாயிறு

நானே வந்து சேர்ந்தேன். நாலு ராத்திரி தூக்கமில்லை. நேற்று விடிகாலை மூன்று மணிக்கு வீட்டுப் பாத்திரம் பூராவும் விளக்கிக் கவிழ்த்துவிட்டு, பதினோரு பேருக்கு போன் போட்டிருக்கிறேன். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். "கூட்டிட்டுப் போண்ணே" என்றேன். படிவத்தில் கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. "இது என்ன பேங்க்கா? பரவாயில்லைம்மா" என்றார் நர்ஸ்.

10 ஜூன்

சார்ஜர் வயர், சுடிதார் நாடா, செருப்பு எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கதவில் பூட்டு. நானாக வந்தவளுக்கும் அதே பூட்டுதான்.

2022-இல் வேறு ஆஸ்பத்திரி. "திருச்செந்தூர் போயிட்டு வருவோம்" என்றான் அண்ணன். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். கேட்டில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஊசி, கட்டில், கட்டிப்போடத் துணி. சம்மதமில்லாமல் இப்படிச் சேர்ப்பது 2017 மனநலச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம். அன்றைக்கு என்னைச் சேர்த்தது சரிதான், மொட்டைமாடிச் சுவர்மேல் ஏறி நின்றவள் நான். ஆனால் முருகனை ஏன் இதில் இழுத்தான்? இன்னும் அந்தக் கோயிலுக்குப் போக முடியவில்லை.

12 ஜூன்

ஏழு மணி நேரத் தூக்கம்!

பக்கத்துக் கட்டில் அக்காவை வீட்டார் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். யார் வந்தாலும் "என் செருப்பு எங்க?" என்பார். இன்று என்னிடம், "நீயா கையெழுத்துப் போட்டா வந்த? பைத்தியமாடி உனக்கு?" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

13 ஜூன்

வீட்டுக்குப் போகிறேன் என்றேன். தானாக வந்தவர் கேட்டால் விட்டுவிட வேண்டும். ஆனால் டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் 24 மணி நேரம் நிறுத்திப் பரிசோதிக்கலாம், தேவைப்பட்டால் 89-க்கு மாற்றலாம். என் கையெழுத்துக்கு இவ்வளவுதான் மதிப்பு.

டாக்டர் மறுக்கவில்லை, ரத்த ரிப்போர்ட்டைக் காட்டினார். மனநிலையைச் சீராக வைக்க நான் சாப்பிடும் லித்தியம், ரத்தத்தில் 0.4. குறைந்தது 0.6 வேண்டும். கை நடுங்குகிறதே என்று நானே மாத்திரையைப் பாதியாக்கியது வெளியே வந்துவிட்டது. சரி, இருக்கிறேன் என்றேன்.

16 ஜூன், ஞாயிறு

அண்ணன் வந்தான். மதினி கொடுத்தனுப்பிய புளியோதரையைத் தின்றபடியே கேட்டுவிட்டேன், அன்றைக்கு ஏன் திருச்செந்தூர் என்றாய் என்று. வெகுநேரம் தரையையே பார்த்தான். "வேற எங்கன்னு சொன்னாலும் நீ கார்ல ஏறியிருக்க மாட்ட."

அது உண்மைதான்.

நாளைக்கு முடியாமல் போனால் எனக்கு இப்படிச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று, தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தேறி வீட்டுக்குப் போய் முறையாக எழுதுங்கள் என்றார் டாக்டர். இப்போதைக்கு நோட்டில் கிறுக்குகிறேன். எனக்காகப் பேச வேண்டியவர்: அண்ணன். முதல் வரி: ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஆஸ்பத்திரி என்றே சொல்லவும்.

இரண்டாவது வரி அக்கா சொல்லச் சொல்ல எழுதியது: செருப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவும்.